சிபிசிடி மெஷினும் அந்தப் பிளாஸ்டிக் குச்சியும்

சிபிசிடி, அதாவது தலையைச் சுற்றி வந்து பல்லையும் தாடையையும் த்ரீடியில் காட்டும் எக்ஸ்ரே மெஷின், விலை இறங்கியிருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் வேறு ஓடுகிறது, “அண்ணே, வாங்கிரலாமா?” என்று காலேஜ் ஜூனியர் ஒருவர் வாட்ஸப்பில் கேட்டார். என்னைப் போல அவரும் பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டர். போனில் பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே எனக்குக் குரல் ஏறிவிட்டது. அதனால் எழுதுகிறேன். வோக்சல், எஃப்ஓவி (ஒரு தடவையில் படத்தில் விழும் பரப்பு), கேவி என்ற கணக்கெல்லாம் பிரோஷரில் இருக்கிறது. மெஷின் பெயரும் வேண்டாம். இந்தக் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

குறை ஒரு பிளாஸ்டிக் குச்சி. நோயாளி நிற்கும் இடத்தில் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருக்குமே, பைட் பிளாக், அதுதான். நுனியில் ஒரு சின்னப் பள்ளம். மேல் வெட்டுப்பல்லும் கீழ் வெட்டுப்பல்லும் அதில் நுனிக்கு நுனி உட்கார வேண்டும். எல்லாப் பல்லையும் ஒரே தட்டைப் படமாக எடுக்கும் ஓபிஜிக்கு அது தேவை. மேல்பல் கீழ்ப்பல்மேல் ஏறி விழாது, முன்பற்கள் மங்காது. இம்ப்ளான்ட் வைப்பவர்களுக்கும் உதவும். எதிர்ப்பல்லில் இருக்கும் கேப்பின் உலோகச் சிதறல் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதெல்லாம் சரி.

நமக்கு? எத்துப்பல்லோடு வரும் 12 வயதுப் பிள்ளையை நிறுத்துங்கள். மேல்பல் கீழ்ப்பல்லைவிட 8 மி.மீ. முன்னால் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் கடிக்க வேண்டுமானால் பிள்ளை கீழ்த்தாடையை முன்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். சொன்னபடி கேட்கிற பிள்ளை, தள்ளுகிறது. காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் கான்டைல், அதாவது கீழ்த்தாடையின் உருண்டை முனை, குழியை விட்டு இறங்கி முன்னே வருகிறது. மெஷின் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் கிளாஸ் டூ தாடை, அதாவது பின்தங்கிய கீழ்த்தாடை, காணாமல் போயிருக்கும். ட்ரீட்மென்ட் முடிந்த முகம், ஒரு கம்பிகூட மாட்டாமல்!

பின்பல்லைச் சேர்த்துக் கடி, உதட்டைத் தளர விடு என்பது செஃப், அதாவது தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே, எடுப்பதற்கு நாம் படித்த முதல் பாடம். 1931-ல் பிராட்பென்ட் என்ற அமெரிக்கக் கிளிப் டாக்டர் தலையைக் காதுக்கம்பிகளுக்கு நடுவே பொருத்திப் படமெடுத்ததே, இன்று எடுத்த படத்தை அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காகத்தான். இவ்வளவு காலம் கழித்து, பல லட்ச ரூபாய் மெஷின் அந்த ஒரு விஷயத்தில் கோட்டை விடுகிறது. முகவாய்க்கட்டையைத் தாங்கும் கிண்ணம் வேறு கீழுதட்டையும் தாடைச் சதையையும் மேலே அமுக்கிவிடும். அப்புறம் பக்கவாட்டு முகத்தை வைத்து என்ன பிளான் போடுவது? மெஷின் விற்க வரும் ரெப்கள் கலர் கலராகக் காட்டும் மூச்சுக்குழல் அளவும் அப்படித்தான். தாடை நகர்ந்தால் அதுவும் மாறும். படத்தில் இருப்பது பிள்ளையின் மூச்சுக்குழலா, குச்சி உண்டாக்கியதா?

குச்சியைக் கழற்றிவிட்டு எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், அப்படித்தான் எடுக்கிறேன். நெற்றிப் பட்டை, பக்கத்தாங்கிகள், “பின்பல்லைக் கடிச்சுக்க கண்ணு, எச்சில் முழுங்காத” என்ற கெஞ்சல், இவ்வளவோடு. ஆனால் மெஷினுக்கு அது பிடிப்பதில்லை. குச்சி இருக்கும் என்று நம்பி உயரத்தை அதுவே கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு தடவையும் லேசர் கோட்டைக் கையால் இறக்க வேண்டும். அந்த செட்டிங்கைத் தனி புரோட்டோகாலாகச் சேமித்து, டெக்னீஷியன் பெண்ணுக்கும் பழக்கி, ஒருவழியாக நிம்மதியாக இருந்தேன்.

போன ஐப்பசி மழையில் ஒரு இடி. யூபிஎஸ்ஸையும் தாண்டி உள்ளே ஒரு போர்டு போய்விட்டது. சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார், போர்டை மாற்றினார், காலிபரேஷன் முடித்தார். நல்ல மனுஷன், வேலையும் சுத்தம். போகும்போது எல்லா செட்டிங்கையும் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோய்விட்டு, “மேடம், இது இல்லாம எடுக்கவே கூடாது” என்று டெக்னீஷியனுக்குப் பாடமும் எடுத்து, புதுக் குச்சி ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் வந்த பிள்ளையின் படம் நுனிக்கு நுனி கடித்தபடி விழுந்தது. கடி சரியில்லை என்பதற்காக வளரும் பிள்ளைக்கு மறுபடி எக்ஸ்ரே கொடுக்க மனசு வரவில்லை. வாய்க்குள் ஸ்கேனர் விட்டு எடுத்த கடியை வைத்து, சாஃப்ட்வேரில் கீழ்த்தாடையைத் தனியாக வெட்டி, பல்லோடு பல் பொருத்திப் பின்னால் நகர்த்தினேன். ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது. பல் பொருந்தியது, மூட்டு இருக்கிற இடம் உத்தேசம்தான். கம்பெனிக்கு மெயில் போட்டால், மேனுவலில் உள்ளபடி பயன்படுத்தச் சொல்லிப் பதில்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 13 வயதுப் பெண் பிள்ளை. பால் கோரைப்பல் இன்னும் ஆடக்கூட இல்லை. ஓபிஜியில் நிரந்தரக் கோரைப்பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேர்மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. வேருக்கு முன்னாலா, அண்ணத்துப் பக்கமா? விரலால் தடவினால் எந்தப் பக்கமும் மேடு தட்டுப்படவில்லை. எக்ஸ்ரே குழாயை நகர்த்தி இரண்டு சின்னப் படம் எடுத்துப் பார்க்கும் பழைய வழி பக்கத்தைச் சொல்லும், வேருக்கு என்ன ஆச்சு என்று சொல்லாது.

மேல்தாடைக்கு மட்டும் சின்ன எஃப்ஓவி. இதில் கடி எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆக்சியல் வெட்டுகளை, அதாவது படுக்கைவாட்டில் சீவிய படங்களை, மேலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தேன். வெட்டுப்பல் வேர் வட்டமாக வருகிறது, வருகிறது, திடீரென்று அண்ணத்துப் பக்கம் பிறை மாதிரி ஒரு கடி. அந்தப் பள்ளத்தில் கோரைப்பல்லின் முனை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நரம்புக்குழல் வரை மிச்சம் இருப்பது மெல்லிய ஒரு சுவர். நேராக வரிசைக்கு இழுத்திருந்தால் அந்த வேரைத் தேய்த்துக்கொண்டேதான் வந்திருக்கும். பிளான் மாறியது: முதலில் அண்ணத்துப் பக்கமாகப் பின்னால் இழுத்து வேரை விட்டு விலக்குவது, அப்புறம்தான் வரிசை. ஈறை எங்கே திறப்பது, பல்லை இழுக்கும் செயின் பட்டனை எங்கே ஒட்டுவது என்று சர்ஜனோடு பேச ஒரே படம் போதுமாக இருந்தது. “இம்புட்டு நாளா இங்கயா படுத்துக் கெடந்துச்சு?” என்று அம்மா கேட்க, அப்பா மவுஸை என் கையிலிருந்து வாங்கி மண்டையோட்டைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோரைப்பல் மேலே தங்கிவிட்ட பிள்ளைகளுக்கு இதற்கு இணையாக இன்னொரு கருவி எனக்குத் தெரியாது.

எலும்பு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கீழ் வெட்டுப்பற்களின் முன்பக்க எலும்பு மெல்லிசு; பெரிய எஃப்ஓவியில் அது இருந்தாலும் இல்லாத மாதிரித் தெரியலாம்.

ஆக, ஜூனியருக்கு என் பதில்: வாங்காதீங்க தம்பி. மேலே பாராட்டியதெல்லாம் வாபஸ் இல்லை. ஆனால் கோரைப்பல் கேஸ் தினமும் வராது, இஎம்ஐ மாதா மாதம் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏஇஆர்பி) லைசென்ஸ், கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ், மெஷினின் தரச் சோதனை (கியூஏ) எல்லாம் சமாளித்துவிடலாம். சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு, சாதாரணத் தெத்துப்பல்லுக்கும் “ஒரு த்ரீடி எடுத்துரலாமே” என்று வாய் வருவதைச் சமாளிப்பதுதான் கஷ்டம். முழு முகத்துக்கு எடுத்தால் ஓபிஜியைவிடப் பல மடங்கு டோஸ். கிளிப் போட வருகிற எல்லோருக்கும் வழக்கமாக எடுக்காதீர்கள், ஆளைப் பார்த்து முடிவெடுங்கள் என்று அமெரிக்க வாய் ரேடியாலஜி அகாடமி 2013-லேயே சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் ஸ்கேன் சென்டர் இருக்கிறது. சீட்டில் “பைட் பிளாக் வேண்டாம், பின்பல் கடித்த நிலையில்” என்று பெரிதாக எழுதி அனுப்புங்கள். அப்புறம் போன் போட்டும் சொல்லுங்கள், சீட்டை யாரும் படிப்பதில்லை.

என்னுடையதைத் தருவீர்களா என்று கேட்காதீர்கள். தரமாட்டேன்.

இதையெல்லாம் மீறி டெமோவுக்குப் போவீர்கள், தெரியும். போனால் டம்மி மண்டையோட்டை வைக்கச் சொல்லி, குச்சியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். அந்த செட்டிங்கைச் சேமித்து, மெஷினை அணைத்துப் போட்டால் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ரெப் முழித்தால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.