சீலிங்குக்கு மேட் சாயம் போதும், மிச்சக் காசைச் சாயத்துக்கு முன் அடிக்கும் சீலருக்குப் போடுங்கள்

சீலிங்குக்கு விலை உயர்ந்த சாயம் வாங்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் கீழ்த் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் சாதாரண மேட் இமல்ஷனே (பளபளப்பு இல்லாத, தண்ணீர் வகைச் சாயம்) கூடத்துக்கும் படுக்கை அறைகளுக்கும் சரியான சாயம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் பழைய ஒற்றை மாடி வரிசை வீட்டுக்குப் போன தீபாவளிக்கு முன்பு உள்ளே முழுக்கச் சாயம் அடித்தோம், ஒவ்வொரு அறை சீலிங்கின் நிலைமையைப் பார்த்து வேறு வேறு சாயம் போட்டோம், அடைமழையும் வெயிலும் தாண்டிய பிறகு எது நின்றது என்று பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கூடத்தில் போட்டது நிப்பான் வினிலெக்ஸ் 5000, பின்னறைகளில் ஜோட்டன் ஜோட்டாபிளாஸ்ட். இரண்டும் மேட், இரண்டும் அந்தந்தக் கம்பெனியின் விலை குறைந்த வரிசை. அடித்து முடித்த பிறகு அண்ணாந்து பார்த்தால் எது எந்தக் கம்பெனி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு கோட் அடித்ததில் பழைய மங்கல் மஞ்சள் முழுக்க மறைந்தது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி மேட் சாயம் ஈரமாக இருக்கும்போது அடியில் இருக்கிறது எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். தண்ணீர் ஆவியாகிப் போய், துகள்களுக்கு நடுவில் காற்று புகுந்த பிறகுதான் அது முழு வெள்ளையாகத் திரும்பும். அதனால் ஈரத்தில் பார்த்து "மறைக்கவில்லை" என்று மேலும் மேலும் அப்ப வேண்டாம், காயட்டும்.

மேட் ஏன் என்றால், சீலிங்கில் ஃபேனும் விளக்கும் தவிர மறைக்க ஒன்றும் இல்லை. சுவரில் அலமாரி நிற்கும், கல்யாணப் படம் தொங்கும், காலண்டர் இருக்கும். சீலிங் வெறும் பரப்பு, அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக ஓடும். பலகை சேரும் இடம், பட்டி போட்டுத் தேய்த்த இடம், ஆணித் தலை, எது கொஞ்சம் மேடாக இருந்தாலும் பளபளப்பான சாயம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். மேட் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் அந்த மேடு பள்ளம் கண்ணில் படாது.

பட்டர்வொர்த்தில் என் அத்தை வீட்டில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. புது பிளாஸ்டர் சீலிங், ஓரத்தில் எல்-பாக்ஸ் என்கிற பெட்டி விளிம்பு, அதற்குள் எல்இடி பட்டை, காசு நிறையப் போட்டுச் செய்தார்கள். சாயம் அடித்த காண்ட்ராக்டர் சுவருக்கு வாங்கிய அதே லேசாகப் பளபளக்கும் ஷீன் சாயத்தை மேலேயும் அடித்துவிட்டுப் போய்விட்டார். பகலில் ஒன்றும் தெரியாது, மாலையில் அந்த எல்இடியைப் போட்டால் பலகை இணைப்பு ஒவ்வொன்றும் கோடு கோடாகத் தெரிகிறது. பிளாஸ்டர் வேலை மோசம் என்று அத்தை நினைத்தார், வேலையில் குறையே இல்லை. மேல் வெளிச்சம் வைத்து சீலிங் செய்கிறவர்கள் தயவு செய்து "மேட்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் கையில் இருக்கும் டின்னைத்தான் அடிப்பார்கள்.

மேட்டுக்கு ஒரு குறை உண்டு. தேய்த்துக் கழுவ முடியாது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பித்துவிடும். ஆனால் கூடத்துச் சீலிங்கை யார் கழுவப் போகிறார்கள்? ஒட்டடை அடிப்போம், அவ்வளவுதான். கறை பட்டால் அதே சாயத்தைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் பூசலாம், ஷீன் சாயத்தில் அப்படிப் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சமையலறை வேறு கதை. நம் வீட்டுச் சமையலறையில் தாளிப்புப் புகையும் எண்ணெய் ஆவியும் அடுப்புக்கு நேர் மேலே ஒட்டிப் பிசுபிசுக்கும், அதில் தூசி சேர்ந்து பழுப்பாகும். இங்கே மட்டும் கழுவக்கூடிய, லேசாக மினுங்கும் சாயம் வாங்கினோம். விலை கூடத்துச் சாயத்தைவிட நன்றாகவே அதிகம், ஆனால் பரப்பு சின்னது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் எண்ணெய்ப் படலம் வந்துவிடுகிறது, சாயம் அப்படியே இருக்கிறது. சாயம் அடிப்பதற்கு முன்பும் இதே சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெய் மேல் எந்தச் சாயமும் பிடிக்காது.

இனிச் சீலர். காசு போட வேண்டிய இடம் இதுதான், இதைத்தான் நிறையப் பேர் தவிர்க்கிறார்கள். எங்களுக்கு வேலை செய்ய வந்த பெயிண்டர் அண்ணன் வந்ததும் சீலிங்கைக் கையால் தடவிப் பார்த்தார், உள்ளங்கையில் வெள்ளையாக மாவு ஒட்டியது. "தங்கச்சி, இதுமேல எதை அடிச்சாலும் உரிஞ்சு வந்துடும், முதல்ல சீலர் வாங்கிட்டு வா" என்றார். பழைய சாயம் பொடிந்து போயிருந்தால் புதுச் சாயம் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சீலிங்கைப் பிடிக்காது. புதிதாகப் பூசிய சிமெண்டானால் காரம் அதிகம், ஏறக்குறைய 28 நாள் ஆறவிட்டு, காரத்தைத் தாங்கும் சீலர் போட்ட பிறகே சாயம் போட வேண்டும்.

தண்ணீர்க் கறைக்கும் சாமி மேடைக்கும் சாதாரணச் சீலர் போதாது. கூடத்து மூலையில் ஓடு நகர்ந்து மழைநீர் இறங்கி, வட்டமாகப் பழுப்புக் கறை இருந்தது. முதலில் ஓட்டைச் சரி செய்து, தகடு நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம், அதைச் செய்யாமல் எது பூசினாலும் வீண். இமல்ஷனை அந்தக் கறைமேல் நேராக அடித்தால் கறையில் இருக்கும் நிறம் சாயத்தில் உள்ள தண்ணீரிலேயே கரைந்து மேலே ஏறி வந்துவிடும், மூன்று கோட் அடித்தாலும் வரும். அதற்குத் தண்ணீர் கலக்காத, தின்னர் வகைச் சீலர்தான் வேண்டும். சின்ன டின் ஒன்று கறைக்கும் சாமி மேடைக்கு மேலே படிந்திருந்த விளக்குக் கரி, சாம்பிராணிப் புகைக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்தது. கரியை முதலில் சோப்புத் தண்ணீரால் எடுக்க முடிந்த மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்ததும் சீலர், அப்புறம் சமையலறைக்கு வாங்கிய கழுவும் சாயம். இன்றுவரை கறை திரும்ப வரவில்லை. ஆனால் இந்தச் சீலர் வாடை தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். ஜன்னல் எல்லாம் திறந்து வையுங்கள், சாமி விளக்கை அன்றைக்கு ஏற்ற வேண்டாம், கேஸ் அடுப்பும் வேண்டாம், குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

குளியலறையில் கறுப்புப் புள்ளி பூத்திருந்தால் அது பூஞ்சை. அதன் மேலேயே சாயம் அடித்தால் கொஞ்ச நாளில் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். குளோராக்ஸ் மாதிரி பிளீச்சைத் தண்ணீரில் கலந்து தடவி, ஊறவிட்டுத் துடைத்துக் காயவிட்டு, பிறகு பூஞ்சை தடுக்கும் சாயம் அடிக்க வேண்டும். பிளீச்சை டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். நாங்கள் அடித்தது நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் காற்றுப் போக்கு இல்லாத மூலையில் லேசாக மறுபடி பூக்கிறது. அது சாயத்தின் குற்றம் இல்லை, அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால்தான் தீரும்.

தாமான் குடியிருப்பு வீட்டுக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று. மரச்சட்டம் அடித்த பழைய தகடு சீலிங் அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, துளை போடக் கூடாது, காய்ந்தபடி சுரண்டக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. உடையாமல் முழுசாக இருந்தால் ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, சீலரும் சாயமும் அடித்து மூடி வைப்பது நல்லது. உடைந்திருந்தால் அதைக் கழற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். பெயிண்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வந்த வேகத்தில் தேய்க்க ஆரம்பிப்பவர்கள் உண்டு.

அளவு பார்த்தால், டின்னில் பொதுவாக லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். 12க்கு 14 அடி அறை ஏறக்குறைய 15.6 சதுர மீட்டர், இரண்டு கோட் அடிக்க ஏறக்குறைய 3 லிட்டர் ஆகும், 5 லிட்டர் டின் வாங்கினால் மிச்சம் நிற்கும். ஒரு அறைக்கு ஒரே கம்பெனி வெள்ளையே வாங்குங்கள். ஒன்று நீலம் கலந்த வெள்ளை, இன்னொன்று பால் வெள்ளை, பாதியில் மாற்றினால் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியும்.

ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் சீலிங் மத்தியானம் கொதிக்கும், ரோலர் திரும்பி வருவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். காலையிலேயே ஆரம்பித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு அறையை நடுவில் விடாமல் முடித்துவிட வேண்டும். கடைசிக் கோட் சாயத்தை ஜன்னலிலிருந்து உள்பக்கமாக, வெளிச்சம் போகும் திசையிலேயே உருட்டினால் ரோலர் தடம் தெரியாது. தீபாவளிக்கு முன்பு கோலாலம்பூரில் சாயங்கால மழை தவறாமல் வரும், ஈரக் காற்றில் டின்னில் போட்டிருக்கும் நேரத்துக்குள் சாயம் காயாது, அதனால் இரண்டாவது கோட்டை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள். புரட்டாசி பிறந்ததுமே வேலையை ஆரம்பித்துவிட்டால் பெயிண்டரும் கிடைப்பார், ஓட்டைச் சரி பார்த்து, கறை காயவும் நேரம் இருக்கும்.