டர்பனில் கல்யாண மேக்கப் புக் செய்கிறீர்களா? ஃபிளாஷில் வெளுக்கும் முகம் குறித்து ஓர் எச்சரிக்கை

கண்ணாடியில் மணப்பெண் முகம் அழகாகத்தான் இருந்தது. படங்கள் வந்த பிறகுதான் தெரிந்தது: நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கண்ணுக்குக் கீழேயும் மாவு அப்பியது போல வெள்ளைத் திட்டு, கழுத்தும் மருதாணிக் கையும் வேறு நிறம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இது. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய மேக்கப்காரர் முகூர்த்தத்தன்று தான் வராமல் உதவியாளரை அனுப்பிவிட்டார். டிரையலில், அதாவது முன்கூட்டியே போட்டுப் பார்த்த ஒத்திகை மேக்கப்பில், போட்ட பவுடர் ஒன்று, அன்று போட்டது இன்னொன்று. கேட்டால் ஃபிளாஷ்மேல் பழி போடுகிறார்.

ஃபிளாஷ்மேல் மட்டும் பழி போட முடியாது. படத்தில் தெளிவாகத் தெரியும் என்று 'ஹெச்டி' பெயரில் விற்கும் நிறமில்லாத பவுடர்களில் பல முழுக்கவே சிலிக்கா என்ற கனிமத் தூள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமராவின் நேர் ஃபிளாஷ் பட்டால் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். அதற்கு அடியில் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனும் இருந்தால் வெளுப்பு இரட்டிப்பாகும். டைட்டானியம் ஃபவுண்டேஷனிலும் உண்டு. அங்கே இரும்பு ஆக்ஸைடு நிறமிகளோடு கலந்திருப்பதால் அவ்வளவாகத் தொல்லை தராது. டர்பனின் டிசம்பர், ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் வியர்க்க வியர்க்கப் பவுடரை மேலே மேலே அடுக்குவதுதான் பெரிய கெடுதல். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், அப்புறம்தான் பவுடர்.

சிவப்பாகக் காட்டுகிறேன் என்று ஒரு ஷேடு கூட்டிப் போடுபவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் மாநிறத்துக்கு அது சாம்பல் பூத்த முகத்தைத்தான் தரும். ஷேடைத் தாடையோரம் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தோடு ஒப்பிடுங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் கறுக்கும், அதனால் 20 நிமிடம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். நலங்கு மஞ்சளின் சாயம் தோலில் தங்கியிருக்கும் நாளில் ஷேடு பார்க்காதீர்கள்.

டிரையல் முடிந்ததும் அறையை இருட்டாக்கி, ஒரு மீட்டர் தள்ளி நின்று, போனில் ஃபிளாஷ் போட்டு நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். இந்தச் சோதனைக்குத் தயங்குபவருக்கு ஒரு ரேண்டும் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய டப்பாக்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, அதே பொருள்கள், அதே ஆள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கல்யாணத்தன்றே வெளுப்பு தெரிந்தால் பெரிய பிரஷ்ஷால் பவுடரைத் தட்டிவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் அழுத்தி ஒற்றி, தோல் நிறப் பவுடரை மெல்லியதாக இடலாம். ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி எடுக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவின்படி, தரமில்லாத சேவைக்குக் குறையைச் சரிசெய்யவோ, அதற்கேற்ற தொகையைத் திருப்பித் தரவோ கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள். படங்களைத் திருத்தவும் வழி உண்டு: வழக்கமாகக் கையில் தரும் ஜேபெக் படத்தில் முழுதும் வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது, கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா கோப்பில் ஓரளவு முடியும். அதனால் ரா கோப்புகளை அழிக்க வேண்டாம் என்று போட்டோகிராஃபருக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.