பாக்கெட் டம்ப்ளிங் தோல் வறுவலுக்குத் தேறுமா?

சிங்கப்பூரில் உணவங்காடி நிலையத்தில் வடசீனச் சாப்பாடு விற்கும் கடை முன்னால் நின்றால் தெரியும், தட்டையான பெரிய சட்டியில் குவோத்தியே என்கிற, கறி வைத்து மடித்த டம்ப்ளிங் வரிசையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், அடி முறுகிச் சிவந்து, மேல்பக்கம் வெந்த கொழுக்கட்டை மாதிரி பளபளவென்று. பெயரின் அர்த்தமே சட்டியில் ஒட்டுவது என்பதுதான். நானும் பல வருஷமாக வாங்கித் தின்றுகொண்டிருந்தவன், பன்றிக்கறி வைத்து வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று போன மாசம் இறங்கினேன். உள்ளே வைப்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், மேலே சுற்றும் மாவுத் தோலைப் பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால் இது பேரங்காடியில் பாக்கெட்டாக விற்கும் அந்தத் தோலைப் பற்றிய விமர்சனம். கம்பெனி பெயர் வேண்டாம், மூன்று கம்பெனி வாங்கிப் பார்த்தேன், மூன்றும் அண்ணன் தம்பிதான்.

முதலில் சரியான பாக்கெட்டை எடுப்பதே ஒரு பரீட்சை. பேரங்காடியின் குளிர்ப்பெட்டியில் டோஃபுவுக்குப் பக்கத்தில் நாலைந்து வகை கிடக்கும். சதுரமாக, லேசான மஞ்சளில் இருப்பது வாண்டான் தோல், அது சூப்புக்கும் எண்ணெயில் முக்கிப் பொரிப்பதற்கும் சரி, குவோத்தியேவுக்கு ஆகாது. பெரிய மெல்லிய சதுரம் ஸ்பிரிங் ரோலுக்கு. நமக்கு வேண்டியது வெள்ளையாக, வட்டமாக, 9 சென்டிமீட்டர் அகலத்தில் இருப்பது. நான் வாங்கியதில் 30 தோல், இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம். அதே வட்டத் தோல் உறைபெட்டியிலும் கிடைக்கும், ரொம்ப நாள் கெடாமல் இருக்கும் என்று முதல் தடவை நான் எடுத்தது அதைத்தான்.

அந்த முதல் தடவையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். உறைந்த பாக்கெட்டை அவசரத்துக்குச் சமையல்மேடையில் வைத்து இளக்கினேன், வெளித்தோல்கள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, நடுவில் இருந்தவை இன்னும் கல். பிரிக்கும்போது ஓரம் கிழிந்தது, கிழியாததை மடித்தால் அப்பளம் மாதிரி விரிசல். முப்பதில் பதினொன்று குப்பைக்குப் போனது. உறைந்ததுதான் கிடைக்கிறது என்றால் முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள், பாக்கெட்டைப் பிரிக்காமல். அதற்குப் பிறகு நான் குளிர்ப்பெட்டிப் பாக்கெட் மட்டும்தான் வாங்குகிறேன், அதிலும் தேதியைப் பார்த்துப் புதுசாக.

பாக்கெட் தோலின் மேலே ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். அதனால் விளிம்பு தானாக ஒட்டாது, விரலைத் தண்ணீரில் தொட்டு ஓரம் முழுக்கத் தடவி அழுத்த வேண்டும், அதிகமாகத் தடவினால் வழுக்கும். ஒரு பக்கம் மட்டும் கொசுவம் வைத்து, மறுபக்கத்தைச் சமமாக விட்டு மடிப்பது வழக்கம், அப்போதுதான் பிறை மாதிரி வளைந்து சட்டியில் உட்காரும். எனக்கு அது பத்தாவது துண்டு வரைக்கும் வரவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தை, பன்றிக்கறி தொடாதவர், கறி வைக்காத வெறும் தோல் ஒன்றை வாங்கி சோமாசி ஓரம் பின்னுகிற மாதிரி ஒரே இழுப்பில் பின்னிக் காட்டிவிட்டு, “இதுக்கா இவ்வளவு நேரம்?” என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

சரி, உள்ளே வைப்பதற்கு வருவோம், ஏனென்றால் தோல் நன்றாக இருந்தும் பலர் கெடுப்பது இங்கேதான். ஈரச்சந்தையில் கறிக்காரரிடம் கொழுப்போடு சேர்த்து அரைத்துத் தரச் சொல்லுங்கள், நாலில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்க வேண்டும், கொழுப்பில்லாத கறி வெந்ததும் ரப்பர் உருண்டை. அரைக் கிலோ கறிக்கு நீளமான சீன முட்டைகோஸ் 300 கிராம், பொடியாக நறுக்கி ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி கால் மணி நேரம் வைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பிழியாமல் போட்டால் அந்தத் தண்ணீர் மடிக்கும்போதே வெளியே வந்து பாக்கெட் தோலைப் பத்து நிமிஷத்தில் ஊறவைத்துக் கிழித்துவிடும். வீட்டு மாவாவது கொஞ்சம் தாங்கும், பாக்கெட் தாங்காது.

இதில் ஒரு வேடிக்கை, முட்டைகோஸ் தண்ணீரை உயிரைக் கொடுத்துப் பிழிந்துவிட்டு, கறிக்குள் தனியாக நாலு மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றுகிறோம். எதிர்வீட்டு ஆன்ட்டி சீனாவின் ஷான்டோங்கிலிருந்து வந்தவர், அவர் சொல்லிக் கொடுத்தது. கறியில் உப்பு, சோயா சாஸ், இஞ்சி, வெள்ளை மிளகு, ஷாவ்சிங் அரிசி மது கொஞ்சம் சேர்த்து, சாப்ஸ்டிக்கால் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். உப்பு பட்டதும் கறியின் புரதம் கரைந்து பசை மாதிரி ஆகும், அந்தப் பசை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கடிக்கும்போது சாறு வருவது அதனால்தான். கிண்டி முடித்த பிறகே முட்டைகோஸும், பூண்டு வாசம் அடிக்கும் கூ சாய்த் தழையும், கடைசியில் எள்ளெண்ணெயும். எள்ளெண்ணெய்தானே என்று நம் வீட்டு நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், சீனர்கள் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிகிறார்கள், அந்தக் கறுத்த எண்ணெயின் வாசமே வேறு. நான் ஊற்றிப் பார்த்தேன், மோசமில்லை, ஆனால் மிளகாய்ப்பொடி தொட்ட இட்லி ஞாபகம்தான் வந்தது.

இப்போது சட்டி. பாக்கெட் தோல் மதிப்பெண் அள்ளுகிற இடம் இது. மெல்லியதாக இருப்பதால் அடி சீக்கிரம் முறுகும். 26 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தீ, 18 துண்டு வட்டமாக அடுக்கி இரண்டு மூன்று நிமிஷம், அடி லேசாகச் சிவக்கும்வரை. பிறகு 100 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி மைதா கரைத்து ஊற்றி உடனே மூடிவிட வேண்டும், தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொண்டே ஊற்றுங்கள். ஆறு நிமிஷம் ஆவியில் வேகும். கறி ஆயிற்றே என்று பயப்படுகிறவர்கள் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள், அரைத்த கறிக்கு உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். அப்புறம் மூடியை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கே. தண்ணீர் இருக்கிறவரை சட்டி 100 டிகிரியைத் தாண்டாது, எவ்வளவு தீ வைத்தாலும் முறுகாது. சலசலப்பு நின்று எண்ணெய்ச் சத்தம் மாறும், அதுதான் கணக்கு. கரைத்த மைதா துண்டுகளுக்கு நடுவே ஆப்பத்தின் ஓரம் மாதிரி வலையாகப் பிடித்திருக்கும், தட்டைக் கவிழ்த்துத் திருப்பினால் மொத்தமும் ஒரே தட்டாக விழும். அந்த வலையை ஜப்பானியர்கள் தங்கள் டம்ப்ளிங்கான கியோசாவில் சிறகு என்கிறார்கள். கியோசாவே சீன டம்ப்ளிங்கான ஜியாவ்ஸி ஜப்பானுக்குப் போய் எடுத்த பெயர், தோல் அங்கே இன்னும் மெலிந்துவிட்டது. பாக்கெட் தோலில் வருவது உண்மையில் கியோசாவுக்குத்தான் கிட்டே இருக்கிறது.

அதுதான் என் குறையும். அடி பிரமாதம், மேல்பக்கம் சுமார். ஆறிப்போனால் விளிம்பு தோல்வார் மாதிரி இழுக்கிறது. கடைக் குவோத்தியேவில் பல்லுக்கு ஒரு மெத்தென்ற எதிர்ப்பு இருக்குமே, அது இல்லை. அதே ஆன்ட்டி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு பிசைந்தோம், 300 கிராம் மைதாவுக்குக் கொதிக்கக் கொதிக்க 160 மில்லி தண்ணீர், அரை மணி நேரம் மூடி வைத்தோம். தண்ணீரில் வேகவைக்கிற ஜியாவ்ஸிக்குப் பச்சைத் தண்ணீர், சட்டியில் வறுக்கிறதற்கு வெந்நீர் என்பது அவர் கணக்கு. வெந்நீர் பட்டால் மாவின் ஸ்டார்ச் பாதி வெந்துவிடும், இழுத்தால் சுருங்குகிற குணம் குறையும், உருட்டினால் உருட்டியபடி கிடக்கும். கொழுக்கட்டைக்கு வெந்நீர் விட்டு மாவு கிளறி வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நடுவில் தடிப்பாக, ஓரம் மெலிசாக உருட்டினார், விளிம்புக்குத் தண்ணீர்கூட வேண்டாம், விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொண்டது. தின்று பார்த்தால் பாக்கெட் தோல் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் 40 துண்டு உருட்ட அவருக்கு முக்கால் மணி நேரம், என்னைத் தனியாக விட்டால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு மறுநாள் காலைதான்.

ஆக, வேலை விட்டு வந்து ஏழு மணிக்குச் செய்கிறவர்களுக்குப் பாக்கெட்டுக்கு ஐந்தில் மூன்றரை தருவேன், உறைந்த பாக்கெட்டுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு மாவு பிசையுங்கள். தொட்டுக்கொள்ள சென்ஜியாங் கறுப்பு வினிகரும் நறுக்கிய இஞ்சியும் போதும், சில்லி சாஸ் வேண்டாம், கறியின் இனிப்பை அமுக்கிவிடுகிறது.

அரைக் கிலோ கறிக்கு எனக்கு 44 துண்டு வந்தது, இரண்டு பாக்கெட் வாங்கினால் தோல் மிஞ்சும். மடித்த துண்டுகள் மிஞ்சினால் தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி உறையவைத்து, கல்லானதும் பைக்கு மாற்றுங்கள், பிறகு இளக்காமல் அப்படியே சட்டியில் போட்டு, மூடிவைப்பதை மட்டும் இரண்டு நிமிஷம் கூட்டினால் சரியாக வருகிறது. மிஞ்சின வெறுந்தோலை நாலாக வெட்டி எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகுத்தூளும் தூவினேன், அத்தை ஒரு தட்டு முழுக்கக் காலி செய்தார்.