2,600 திர்ஹம் போச்சு: ராஜாளிக்குப் பழைய ரிசீவர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பறந்துபோன ராஜாளியைத் தேடிப் பிடிக்கும் பழைய ரிசீவர் விற்பனைக்கு என்ற அந்த விளம்பரம் நேற்று ராத்திரி மறுபடியும் கண்ணில் பட்டது. அதே ஆள், அதே வாசகம்: "எல்லா டிரான்ஸ்மிட்டரும் பிடிக்கும்." தூக்கம் போய்விட்டது. இன்னொருத்தன் ஏமாறக் கூடாது என்று எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். பழைய சாமான் விற்கும் ஆப் எது, ஆள் யார் என்று பெயர் போட மாட்டேன். இந்த நாட்டில் பெயர் போட்டு எழுதினால் அதுவே நம் மேல் கேஸாகத் திரும்பும்.

நான் அமீரகத்தில், அல் ஐனில் ஒரு அர்பாப் (அரபு முதலாளி) வீட்டில் டிரைவர். ஊரில் கேட்டால் பருந்து மேய்க்கிறேன் என்று சிரிப்புக்குச் சொல்வேன். அர்பாபிடம் நான்கு ராஜாளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் உண்டு, என்னுடையதை விட அதுகளுடையது பத்திரமாக இருக்கிறது. பறவைகளைப் பார்த்துக்கொள்வது பெஷாவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நாங்கள் சாச்சா என்போம். வண்டி ஓட்டுவது, கூண்டு கழுவுவது, சாமான் தூக்குவது என் வேலை.

பறக்க விடும்போது பறவையின் வால் இறகிலோ காலிலோ சில கிராம் எடையில் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டுவார்கள். அது விநாடிக்கு ஒரு தடவை 'பீப்' என்று ரேடியோ சிக்னல் விடும், அவ்வளவுதான். பறவை கண்ணுக்கு மறைந்துவிட்டால் ரிசீவரில் ஆன்டெனாவை மாட்டி நாலு பக்கமும் திருப்ப வேண்டும், எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் வண்டியை விட வேண்டும். இப்போது போனில் வரைபடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. அர்பாபிடம் அதுவும் இருக்கிறது. ஆனால் அதில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பழைய பீப் கருவி நாள் கணக்கில் கத்தும். பறவை ராத்திரி தங்கிவிட்டால் மறுநாள் கைகொடுப்பது அதுதான் என்பார் சாச்சா.

அந்த ரிசீவர் மேல்தான் நான் வண்டியை ஏற்றினேன். பின்கதவில் வைத்திருந்தது விழுந்ததைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால் அப்பளம். அர்பாப் வைத்தியத்துக்காக ஜெர்மனி போயிருந்தார், வர ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். புதுசு விலை கேட்டேன், என்னால் ஆகாது. அப்போதுதான் அந்த ஆப்பைத் திறந்தேன்.

போன் போட்டேன். என் இந்தியைக் கேட்டதும் அந்தப் பக்கம், "அண்ணே, நீங்க தமிழா?"

அந்த ஒரு கேள்விதான். ஊர் கேட்டான், பரமக்குடி என்றேன். "அட, நமக்குச் சாயல்குடி அண்ணே!" என்றான். உண்மையோ பொய்யோ, எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பதினோரு வருஷமாக அரபியிலும் இந்தியிலும் ஏச்சு வாங்குகிறவனுக்கு 'அண்ணே' என்ற சொல் என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டு ஷார்ஜா போனேன். ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங். போனதும் பேப்பர் கப்பில் கரக் டீ வாங்கிக் கொடுத்தான். கையில் ராஜாளியோடு நிற்கும் போட்டோ காட்டினான். அவனுடைய ஷேக் ராஜாளி பறக்கவிடும் விளையாட்டை விட்டுவிட்டாராம், அதனால்தான் விற்கிறானாம். "தம்பி, எங்க டிரான்ஸ்மிட்டர் 434. இது பிடிக்குமா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்! அது டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசை நம்பர், சாச்சா அதை என் கையில் எழுதி அனுப்பியிருந்தார். "அதெல்லாம் எல்லாம் பிடிக்கும் அண்ணே, பாருங்க" என்று தன் பையிலிருந்து ஒரு டிரான்ஸ்மிட்டரை எடுத்தான், நாலு கார் தள்ளி ஒரு டயர் மேல் வைத்துவிட்டு வந்தான். ரிசீவரைப் போட்டான். பீப், பீப், பீப். ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கணீரென்று கேட்டது. நான் மயங்கிவிட்டேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் ரிசீவர் சிக்னலை இழுக்கும் அளவைக் குறைத்துத்தான் திசை பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது.

3,000 சொன்னான், 2,600-க்கு இறங்கினான். "நமக்குள்ள என்ன அண்ணே." 2,600 திர்ஹம், என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. ஊர்க் காசுக்குக் கிட்டத்தட்ட 60,000 ரூபாய். கையில் எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை சாச்சா பறவையைத் தராசில் நிறுத்திவிட்டு வந்தார். பறக்க விடவில்லை, நல்லவேளை. எங்கள் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் காஃப் மரத்தில் கட்டச் சொன்னார். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் போட்டோம், சத்தமில்லை. பாதி தூரம் வந்தோம், சத்தமில்லை. மரத்தடியில் நின்று போட்டோம், 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும்தான்.

சாச்சா எதுவும் பேசவில்லை. ஆன்டெனாவின் மடிந்த கம்பிகளை விரித்தார், நீளமான கம்பியைச் சாணால் அளந்தார். மூன்று சாண். அப்புறம் நான் நசுக்கிய பழைய ஆன்டெனாவைக் குப்பையிலிருந்து எடுத்து வரச் சொல்லி அதை அளந்தார். ஒன்றரை சாண். இரண்டையும் மணலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அலைவரிசை எண் பாதியானால் கம்பி இரட்டிப்பாகும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ரிசீவரின் பேட்டரி மூடிக்குள் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தார். கீழே 216 என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் பயன்படுத்துகிற அலைவரிசை. பார்க்கிங்கில் டயர் மேல் வைத்தது அதற்கு ஜோடியான டிரான்ஸ்மிட்டர். அதைத்தான் அவன் பையிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டான்.

போன் போட்டேன். "பேட்டரி மாத்திப் பாருங்க அண்ணே." மாற்றினேன். "ஆன்டெனாவ உயரமாப் பிடிங்க." வண்டி மேலேறிப் பிடித்தேன். "பாலைவனத்துல டவர் இடைஞ்சல் இருக்கும்." டேப் உரித்த போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் பிளாக். ரூம்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் இந்தியில், "ராங் நம்பர் பாய்." அதுதான் எனக்கு 2,600-ஐ விட அதிகமாக வலித்தது. தமிழில் டீ வாங்கிக் கொடுத்தவன் இந்தியில் ராங் நம்பர் சொல்கிறான்!

ஆப்காரர்களிடம் புகார் போட்டேன். முதலில் மெஷின் பதில், அப்புறமும் மெஷின் பதில். மூன்றாவதாக ஒரு மனுஷன் வந்தான்: பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, வாங்குபவர் விற்பவர் இருவருக்குள் நடந்தது, பொறுப்பில்லை, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். நட்சத்திரமாம்.

போலீஸுக்குப் போ என்கிறார்கள். ரசீது இல்லை, கைக்காசு, அவன் பெயர் உண்மையா என்றுகூடத் தெரியாது. அர்பாப் காதுக்குப் போய்விடும் என்ற பயம் வேறு.

அர்பாப் வந்தார். இரண்டாம் நாளே "ரிசீவர் எங்கே?" என்று கேட்டார். சாச்சா என்னைப் பார்த்தார், நான் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றால், "அதற்கென்ன, எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே" என்றார். மாலைக்குள் புது செட் ஆர்டர் ஆகிவிட்டது. ஒன்பது நாள் பறக்காமல் பறவைகள் எடை ஏறிப் போனதற்குத்தான் சாச்சாவிடம் முறைத்தார். என் 2,600-ஐப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. ஆன்டெனா எங்கள் ரூமில் ஆணியில் தொங்குகிறது. நாலு கம்பியிலும் ரூம்காரர்களின் சாக்ஸ் காய்கிறது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். சாச்சாவை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். உங்கள் டிரான்ஸ்மிட்டரைக் கையோடு கொண்டு போங்கள், விற்பவன் டிரான்ஸ்மிட்டரை வைத்துச் சோதிக்காதீர்கள். பார்க்கிங்கில் பார்க்காதீர்கள், ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் பாருங்கள். அலைவரிசை நம்பரை அவன் வாயால் கேட்காமல் கருவியில் பாருங்கள், டேப் ஒட்டியிருந்தால் உரியுங்கள். 434 என்றால் நீளக் கம்பி ஒன்றரை சாண்தான் இருக்கும். கைக்காசு கொடுக்காதீர்கள். "நமக்குள்ள என்ன அண்ணே" என்று எவனாவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.