ஜூன் விடுமுறையில் கென்யா: முகவருக்கு மூன்று நட்சத்திரம், ஓட்டுநருக்கு ஐந்து

நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லித் தருகிறேன். மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். கல்வி அமைச்சு எப்போது பள்ளியை மூடுகிறதோ அப்போதுதான் எங்கள் வீட்டில் பெட்டி கீழே இறங்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கென்யாவில் நாங்கள் பட்ட ஏமாற்றம் பாதிக்கும் மேல் இந்த நாட்காட்டியால் வந்தது. அதை எங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் பயண முகவர். அவர் சொல்லவில்லை.

தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிற சின்ன நிறுவனம் அது. பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி நல்ல பிள்ளை. கணவர், நான், மகன், 63 வயது அம்மா என்று நான்கு பேர். எட்டு நாள், டோஹா வழியாக விமானம், மூன்று பூங்காக்கள் (அம்போசெலி, நக்குரு ஏரி, மாசாய் மாரா), தங்குமிடம், சாப்பாடு, பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 7,200 வெள்ளி. வேறு இரண்டு இடங்களிலும் விசாரித்துவிட்டுத்தான் வந்தோம். விலையில் எனக்குக் குறை இல்லை.

அவர் நீட்டிய விளம்பரத் தாளில் இரண்டு படங்கள். ஒன்றில் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் மான் வகை) கூட்டம் ஆற்றில் குதிக்கிறது, கீழே முதலை வாயைப் பிளந்து கிடக்கிறது. இன்னொன்றில் ஏரி முழுக்க இளஞ்சிவப்பாய் ஃபிளமிங்கோ. "ஜூன்ல போனா இதெல்லாம் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டேன். "கண்டிப்பா பாக்கலாம் அக்கா, சீசன் ஆரம்பிச்சுடும்" என்றார்.

ஆரம்பிக்கவில்லை. ஒரு மில்லியனுக்கும் அதிகமான வில்டபீஸ்ட் மழையையும் புல்லையும் துரத்திக்கொண்டு ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. அந்தச் சுற்றின் பெரும்பகுதி தான்சானியாவின் செரங்கெட்டியில்தான். கென்யாவின் மாசாய் மாராவுக்குள் அவை வழக்கமாக ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ நுழைந்து அக்டோபர் வரை மேயும். ஜூனில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும். டிசம்பரில் இன்னும் தெற்கே போய்விடும். நம் நான்கு பள்ளி விடுமுறைகளை இதன் மேல் வைத்துப் பாருங்கள்: ஆற்றைக் கடக்கும் காட்சிக்குப் பொருந்துவது செப்டம்பர் மாதத்து ஒரே ஒரு வாரம். அப்போது போனால் மாராவின் கட்டணமும் கூடும். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூன் வரை ஒரு நாளுக்கு 100 அமெரிக்க டாலர், ஜூலையிலிருந்து 200. இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது அங்கே போய், ஓட்டுநர் வாயிலாக. அதுவும் மகன் மூன்றாவது முறை "ஆறு எப்ப வரும்?" என்று கேட்ட பிறகு. ஆறு வந்தது. அதில் நீர்யானைகள் படுத்திருந்தன, அவ்வளவுதான்.

ஃபிளமிங்கோ கதையும் அதே மாதிரிதான். நக்குரு ஏரியில் சில ஆண்டுகளாகவே நீர்மட்டம் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர் கூடக் கூட உப்பும் காரத்தன்மையும் நீர்த்து, அந்தப் பறவைகள் தின்னும் பாசி குறைந்துபோகும். பெரும் கூட்டங்கள் போகோரியா ஏரி போன்ற இடங்களுக்குப் போய்விட்டன. நாங்கள் பார்த்தது தூரத்தில் ஒரு மெல்லிய கோடு. தண்ணீருக்குள் பட்டுப்போய் நின்ற மரங்களைத்தான் நிறையப் பார்த்தோம். ஆனால் அதே நக்குருவில் ஒரு வெள்ளைக் காண்டாமிருகம் குட்டியோடு சாலையோரம் வந்து மேய்ந்தது. பத்து நிமிடம் வண்டியில் யாரும் பேசவில்லை. தாளில் காண்டாமிருகத்தின் படம் எங்குமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

இதற்கெல்லாம் கூட நான் நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஒன்றைக் குறைத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

அந்தக் காய்ச்சல் பரவும் ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் கென்யாவும் உண்டு. அங்கே போய்விட்டு ஆறு நாளுக்குள் சிங்கப்பூர் திரும்புகிறவர் கையில் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். எங்களுக்கு இது தெரிய வந்தது கிளம்புவதற்குப் பதினான்கு நாள் முன்னால், அதுவும் ஆசிரியர் அறையில் கூட வேலை பார்க்கும் ஒருவர் போகிற போக்கில் கேட்டதால். முகவருக்கு போன் போட்டால், "ஆமா அக்கா, மின்னஞ்சல்ல இருக்குமே" என்கிறார். தேடிப் பார்த்தேன். ஒன்பது பக்க இணைப்பில் ஏழாவது பக்கம், பயணப்பெட்டி எடைக்குக் கீழே ஒரு வரி. மறுநாளே பயண மருத்துவக் கிளினிக்குக்கு ஓடினோம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் அபூர்வமாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம் என்பதால் அம்மாவிடம் மருத்துவர் நிறைய கேள்வி கேட்டார். மலேரியா மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கடைசியில் அம்மாவுக்கும் ஊசி போட்டார்கள். அம்மா மட்டும், "ஏண்டி, சிங்கத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே என்னைய அனுப்பிடுவ போல" என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

போகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பணம் கட்டும் அன்றைக்கே கிளினிக்குக்கு நேரம் வாங்கிவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது, அதற்குப் பதில் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்க வேண்டும், குழந்தைக்கும் சேர்த்துத்தான். அதை முகவர் சுத்தமாகச் செய்து கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது.

இனி ஓட்டுநர். அங்கே ஓட்டுநர்தான் வழிகாட்டியும். முகவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நைரோபி நிறுவனம் இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்தது அதிர்ஷ்டமா அக்கறையா என்று தெரியவில்லை. கூரை திறக்கும் லேண்ட் குரூசர் வண்டி, நால்வருக்கும் ஜன்னல் ஓரம். (மினி வேனா, நான்கு சக்கர இழுவை வண்டியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேற்றில் மாட்டிய மினி வேனை எங்கள் வண்டி இழுத்துவிட்டது.) மார்ச் முதல் மே வரை பெய்த மழையில் மாராவில் புல் இடுப்பளவு நின்றது. நாங்கள் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி, "சிம்பா" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்துத்தான் ஒரு காது அசைந்தது. அப்புறம் இன்னொரு காது. மொத்தம் ஏழு சிங்கங்கள்.

அம்போசெலியில் விடிகாலை ஆறரைக்கே எழுப்பிக் கூட்டிப் போனார். 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ தான்சானியாவில்தான் நிற்கிறது, ஆனால் பார்க்க அழகு இந்தப் பக்கத்திலிருந்து. வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். யானைக் கூட்டம் ஒன்று மலைக்கு முன்னால் நடந்து போனது. சிந்தியா மாஸ் 1972இல் தொடங்கிய ஆய்வில் ஒவ்வொரு யானைக் குடும்பத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, அந்தக் குடும்பத்தில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் அந்த எழுத்தில் பெயர் என்று ஓட்டுநர் விளக்கினார். நான் மொழிபெயர்த்ததும் அம்மா, "நம்ம இனிஷியல் மாதிரி. ஆனா இங்க அம்மா வழி போல" என்றார். யானைக் குடும்பத்தை நடத்துவது பெண் யானைதானே. அம்மா சொன்னதை ஓட்டுநரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார்.

சாப்பாட்டில் முகவருக்கு முழு மதிப்பெண். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மூன்று தங்குமிடங்களிலும் சமையல்காரரே மேசைக்கு வந்து அம்மாவைத் தேடினார். சப்பாத்தி அங்கே ஊர்ச் சாப்பாடே ஆகிவிட்டது. பருப்பு, அப்புறம் சுகுமா விக்கி என்கிற கீரைப் பொரியல். அம்மா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். மின்செருகி நம் ஊர் மூன்று முனைதான், மாற்றி வாங்க வேண்டாம். குளிருக்கு மட்டும் தயாராகப் போங்கள். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று என் கணவர் அரைக்கால் சட்டையாக எடுத்து வந்து, மாசாய் போர்வையைப் போர்த்திக்கொண்டு எல்லாப் படத்திலும் நிற்கிறார்.

பயணத் திட்டத்தில் எனக்கு உறுத்தியது அம்போசெலியிலிருந்து நக்குரு போன நாள். விடிந்து கிளம்பி மாலைதான் போய்ச் சேர்ந்தோம், நடுவில் நைரோபி நெரிசல். மூன்று பூங்கா என்று தாளில் போட்டால் பெரிதாகத் தெரியும், முதுகுக்கு அது தெரியாது. அம்மாவின் கால் வீங்கிவிட்டது. அம்போசெலியில் மூன்று இரவு, மாராவில் மூன்று இரவு, நடுவே நைரோபியில் ஓர் இரவு படுத்து எழுந்திருந்தால் போதும். காண்டாமிருகத்தை நைரோபி தேசியப் பூங்காவிலும் பார்க்கலாம். 1946இல் தொடங்கிய அந்தப் பூங்கா நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

திரும்பி வந்த வாரம் முகவர் வாட்ஸ்அப்பில் ஐந்து நட்சத்திரம் கேட்டார். மூன்றுதான் என்று காரணத்தோடு எழுதி அனுப்பினேன். தடுப்பூசி விவரத்தை இனி முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அடுத்த செப்டம்பருக்கு, அதே ஓட்டுநரோடு, மாரா மட்டும் என்றால் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறேன். நைரோபியில் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.