பெண்ணுறுப்புச் சிதைப்பு பற்றிய ஒருநாள் பயிற்சி: காலை நன்று, பிற்பகல் அரைகுறை

இலண்டன் மருத்துவமனையொன்றின் மகப்பேற்று விடுதியில் தாதியாகப் பணிபுரியும் என்னை, மருத்துவத் தேவையின்றிப் பெண்ணின் பிறப்புறுப்பை வெட்டியோ கீறியோ விடும் பெண்ணுறுப்புச் சிதைப்பின் சமய, பண்பாட்டுப் பின்னணி பற்றிய ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தனியார் நிறுவனமொன்று நடத்துவது. மதிய உணவுடன் கட்டணம் 85 பவுண். 18 வயதுக்குக் குறைந்த சிறுமிக்கு இது செய்யப்பட்டிருப்பது தெரியவந்தால் பொலிசுக்கு அறிவிக்கும் கடமை 2015 ஒக்டோபர் 31 முதல் இங்கே எங்கள் தலையில் இருப்பதால், இத்தகைய வகுப்புகளுக்குக் குறைவில்லை.

காலை அமர்வை நடத்தியவர் சோமாலியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. உலக சுகாதார நிறுவனம் வகுத்த நான்கு வகைகளுக்குமாகச் சிலிக்கனில் செய்த நான்கு மாதிரிகளை அவர் கைமாற்றிவிட்டார். மூன்றாம் வகையை வாங்கிய இளம் மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாசல் எங்கே என்று கேட்க, சிறுநீருக்கும் மாதவிடாய்க்குமாக விடப்பட்டிருந்த தீக்குச்சித் தலையளவு துளையை அம்மையார் நகத்தால் தொட்டுக் காட்டினார். தைத்து மூடும் இம்முறையைச் சூடானியர் பிர்அவ்னின் (பழைய எகிப்திய மன்னனின்) முறை என்கிறார்கள். எகிப்தியரோ சூடானிய முறை என்கிறார்கள். எவரும் தம் ஊர்ப் பெயரை அதற்குச் சூட்டவில்லை.

சமயப் பகுதியை அவர் பூசி மெழுகவில்லை. இசுலாம் தோன்றுவதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கரான ஸ்திராபோ எகிப்தில் இவ்வழக்கத்தைக் குறித்திருக்கிறார். அங்கே கொப்திக் கிறித்தவர்களிடமும் அது இருந்தது. குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா ஹதீஸை (நபிமொழியை) தம் தொகுப்பில் சேர்த்த அபூதாவூதே அது பலவீனமானது என்று எழுதிவைத்தார். எகிப்தின் தலைமை முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு வழங்குபவர்) 2007இல் இதை ஹராம், அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, என்று அறிவித்தார். அவ்வளவுக்குப் பிறகும் ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்கு அம்மையார் கல்யாணச் சந்தையைக் காட்டினார்: ஊரில் ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்ற அச்சம். அதனால்தான் செனகலின் மலிகூண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் 1997இல் தனித்தனியாக அன்றி, ஊராகக் கூடிக் கைவிட்டார்கள். கொடுத்த பணம் இந்த அரைமணிக்கே தகும்.

பிற்பகலில் வேறொருவர் வந்து இவ்வழக்கம் உள்ள நாடுகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் திரையிட்டார். ஆபிரிக்கா முழுக்கச் சிவப்பு, இலங்கை வெற்றிடம். கேட்டதற்கு, அங்கே அப்படியொரு சிக்கல் இல்லை என்றார். பெண்ணுக்கும் கத்னாவை, அதாவது விருத்தசேதனத்தை, கடமையாகக் கொள்ளும் ஷாஃபி மத்ஹப் என்ற இசுலாமியச் சட்டப் பிரிவையே இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள் என்பதும், மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாதென்று இலங்கைச் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே பெரும்பாலும் கைக்குழந்தைக்குச் செய்யப்படும் இது தையல் வரை போவதில்லை, சிறு கீறலே என்பார்கள். நான்கு வகைகளுக்குள் அதுவும் அடங்கும். சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் பெண் குழந்தையைப் பெற்ற, கிழக்கிலங்கையைச் சேர்ந்த தாயொருவர், "இஞ்ச ஒஸ்தா மாமி ஆரும் இரிக்காங்களா மிஸி?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். ஒஸ்தா மாமி என்பவர் அங்கே பெண் குழந்தைகளுக்குக் கத்னா செய்பவர். அந்த வரைபடத்தை நம்பிய ஆங்கிலேயத் தாதி ஒருவர் அதை மாமியைத் தேடும் ஏக்கம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

காலைக்கு ஐந்தில் ஐந்து, பிற்பகலுக்கு இரண்டு. மதிய உணவில் எது ஹலால் என்று எங்கும் குறிக்கப்படாததால், பாடம் நடத்திய அம்மையார் இரண்டு வாழைப்பழங்களோடு முடித்துக்கொண்டார்.