குழாய்த் தண்ணீரில் அட்ரசின்: வீட்டுச் சோதனைப் பட்டை எவ்வளவு தூரம் உதவுகிறது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த எங்கள் சிற்றூருக்கு ஏரியிலிருந்துதான் குடிநீர் வருகிறது. வசந்தத்தில் வயல்களில் தெளிக்கப்படும் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடுத்து வரும் பெருமழை ஓடைகள் வழியாக ஏரியில் சேர்த்துவிடும் என்பதால், கடையில் விற்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, மே மாதத்தில் மழை ஓய்ந்த மறுநாள் சமையலறைக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன்.

செய்முறை எளிது. சிறு குப்பியில் நீர் பிடித்துப் பட்டையை அதில் நிறுத்தினால், பத்து நிமிடத்தில் இரண்டு கோடுகள் தோன்றும். முதல் கோடு அடர்த்தியாக இருந்தால் நீர் வரம்புக்குள் இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலோ இரண்டாவது அடர்ந்திருந்தாலோ வரம்பு மீறிவிட்டது. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து முதல் கோடுதான் அடர்த்தி என்றார் என் மனைவி; எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. பெட்டியின் பெருங்குறை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பட்டையின் வரம்பு, அமெரிக்கச் சட்டம் வகுத்த லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த ஒரு பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் 0.1 மைக்ரோகிராம்தான் அனுமதி. ஆகவே, பட்டை 'பரவாயில்லை' என்று காட்டும் நீர் அங்கே பல மடங்கு மீறியதாக இருக்கலாம். அமெரிக்கச் சட்டமோ நான்கு காலாண்டுகளின் சராசரியைத்தான் பார்க்கிறது. ஜூனில் 9, மற்ற மூன்று காலாண்டிலும் 0.5 என்று வைத்துக்கொண்டாலும் சராசரி 2.6தான் வரும். குடிநீர் வழங்குவோர் தரும் ஆண்டறிக்கையில் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், அதிகபட்ச அளவு என்ற கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மாசு எங்கிருந்து வந்தது என்பதைப் பட்டை சொல்லாது. அதற்காக இன்னொரு மாதிரியைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், பனிக்கட்டியோடு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அட்ரசின் மண்ணில் சிதையும்போது உண்டாகும் டிஎத்தில் அட்ரசினையும் சேர்த்து அளக்கச் சொன்னதுதான் நான் செய்த உருப்படியான காரியம். மண்ணுக்குள் நெடுநாள் ஊறி நிலத்தடி நீர் வழியாக வந்த மாசில் இந்தச் சிதைபொருளின் விகிதம் உயர்ந்திருக்கும். தெளித்த சூட்டில் மழையோடு வழிந்து வந்ததில் மிகக் குறைவு. எங்கள் நீரில் அது தாய்ப்பொருளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பருவத்து வயல்களிலிருந்து வழிந்ததுதான்.

கொதிக்க வைத்தால் அட்ரசின் போகாது; கரி வடிகட்டி பிடிக்கும், ஆனால் உறையில் அட்ரசின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பெட்டிக்கு ஐந்தில் இரண்டரை மதிப்பெண் தருவேன். முதல் எச்சரிக்கைக்கு வாங்கலாம், மழைக்குப் பின் சோதிப்பவர்கள் மட்டும்.